தாத்தாவின் ரெக்கார்டுக்கு 'ஆவி பிடிக்கலாமா'?

பரண்ல இருந்து இறக்கின பழைய ரெக்கார்டை ஆசையா பிளேயர்ல வெச்சா, பாட்டைவிட 'சடசட' சத்தம்தான் அதிகமா கேட்குதா? துணிக்குப் பயன்படுத்தும் கையடக்க ஸ்டீமர் இருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். ஆனால், ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி ரெக்கார்டின் நடுவில் இருக்கும் லேபிளைப் படிச்சிடுங்க.

அதில் 78 என்று வேகம் போட்டிருந்தால், ஸ்டீமரை எடுத்து உள்ளே வெச்சிடுங்க. 78 ஆர்.பி.எம். ரெக்கார்டுகள் பெரும்பாலும் ஷெல்லாக்கில் செய்தவை. ஷெல்லாக்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம அரக்குதான். சூடு பட்டால் அரக்கு என்ன ஆகும்னு தனியா சொல்லணுமா? பாகவதர் காலத்து ஒரிஜினல் ரெக்கார்டுகள் எல்லாம் இந்த ரகம். 1960-களில்கூட இந்தியாவில் இவை வந்தன. பீட்டில்ஸ் பாட்டே இங்கே 78-ல் வெளியாகியிருக்கு! சானிட்டைசர், ஸ்பிரிட் போட்டும் துடைக்காதீங்க. ஆல்கஹால் அரக்கைக் கரைச்சிடும். மென்மையான உலர்ந்த பிரஷ் போதும்.

33⅓ அல்லது 45 என்று இருந்தால் அது பொதுவாக வினைல், அதாவது ஒரு வகை பி.வி.சி. அதன் நுண்ணிய பள்ளங்களில்தான் பாட்டு இருக்கு. விரல் எண்ணெய், தூசி, பூஞ்சை எல்லாம் சேர்ந்து காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வெறும் துணியால் துடைத்தால் அசையாது. சூடான ஈரம் உள்ளே போய் அதை ஊறவைத்துத் தளர்த்தும். ஆவியின் வேலை அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வினைல் அதற்கு முன்னாடியே இளகிடும். அதனால் ஸ்டீமரை அரை அடி தள்ளிப் பிடிங்க. ஒரே இடத்தில் நிறுத்தாமல், வட்டமாக நகர்த்திக்கிட்டே இருங்க. ரெக்கார்டைத் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது. குக்கர் ஆவி, கெட்டில் ஆவி எல்லாம் வேண்டவே வேண்டாம். அதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது.

தண்ணீரும் முக்கியம். நம்ம ஊர் போர் தண்ணியை ஊற்றினால், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் படிஞ்சு, சடசட சத்தம் கூடிடும். டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்க. ஸ்டீமர் ஆரம்பத்தில் துப்பும் கொதிநீரை சிங்க்கில் விட்டுட்டு, அப்புறம் ரெக்கார்டுப் பக்கம் வாங்க. லேபிள் காகிதம் என்பதால், அதே அளவுள்ள டப்பா மூடியால் மறைச்சுக்கோங்க.

ஆவி காட்டியதும், ஈரம் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்க. துடைப்பதாக இருந்தால் பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைக்கணும், குறுக்கே இழுக்கக் கூடாது. இதைச் செய்யலைன்னா, கிளம்பிய அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். அடுத்த பக்கத்தையும் முடித்து, நிழலில் நன்றாக உலர்ந்த பிறகுதான் ஊசியை வைக்கணும்.

முதல் முயற்சியை, போனாலும் பரவாயில்லைன்னு தோணுற ரெக்கார்டில் செய்யுங்க. கீறலை ஆவி சரிசெய்யாது. ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடினால் அது பெரும்பாலும் கீறல்தான். சுத்தம் செய்ததைப் பழைய தூசிக் கவரிலேயே போடாமல், புதுசா ஒரு உள் கவர் வாங்கிப் போட்டு, செங்குத்தாக நிறுத்தி வைங்க.