துருத்தியில் பிறந்த விமானம்

கெடாவில் இருக்கும் எங்கள் லூனாஸ் பிள்ளைகள் விமானத்தை முதலில் காதால்தான் தெரிந்துகொள்வார்கள். பட்டர்வொர்த் ஆகாயப் படைத்தளம் பக்கத்தில்தான். 1988 வரை அது ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய மிராஜ் போர் விமானம் கிளம்பினால், வாத்தியார் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, இரைச்சல் பாடாங் செராய் பக்கம் ஒதுங்கிய பிறகு மீதியைச் சொல்வார். 1997-இல் மலேசியாவின் எட்டு ஹார்னெட் போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. சத்தம் மாறியது; வாத்தியார்களின் பழக்கம் மாறவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் ஏறி உட்கார எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி கணினி. பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கிய விமான சிமுலேட்டர் சீடி. முதல் நாள் என் விமானம் ஓடுபாதை முடியும் முன்பே புல்லில் இறங்கிக் கவிழ்ந்தது. விளையாட்டு என்று விற்றுவிட்டு இவ்வளவு கெடுபிடியா என்று எரிச்சல் வந்தது. அந்தக் கெடுபிடி எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையில் போய் முட்டுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், தானாக வாசிக்கும் பியானோக்களும் திரையரங்கு ஆர்கன்களும் செய்தது ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையன் எட்வின் லிங்க், 1920-இல் ஐம்பது டாலர் கொடுத்து முதல் விமானப் பாடத்துக்குப் போனான். அன்றைக்கு அது பெரிய பணம். ஓட்டுநர் குட்டிக்கரணமெல்லாம் போட்டுக் காட்டிவிட்டுத் தரையிறக்கினார். பையனின் கை கட்டுப்பாட்டுக் கம்பியைத் தொடவே இல்லை. பணம் கொடுத்துப் பயணியாகத் திரும்பிய அந்த ஏமாற்றம்தான் வித்து என்று நினைக்கிறேன்.

அப்பாவின் பட்டறையில் அவனுக்குத் தெரிந்தது காற்று. நம் கோவில் பஜனைகளில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை ஒரு கை அமுக்க, மறுகை கட்டையைத் தொட, காற்று குரலாக மாறுகிறதல்லவா? லிங்க் குடும்பத்தின் தானாக வாசிக்கும் பியானோக்களில் காற்றை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சுவார்கள், வித்தை ஒன்றுதான். குட்டை இறக்கை வைத்த ஒரு மரப்பெட்டியை நான்கு துருத்திகளின் மேல் உட்கார வைத்தான். கம்பியை இடப்பக்கம் சாய்த்தால் அடைப்பிதழ் திறந்து, இடத் துருத்தி சுருங்க, வலது உப்ப, பெட்டி சாயும். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தான். விமானப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள் வாங்கின. காசு போட்டால் ஆடும் பொம்மை! ஆக, சிமுலேட்டர் முதலில் விளையாட்டாக இருந்துதான் பிறகு பாடமாயிற்று.

பாடமாக்கியது சாவு. 1934 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவிடம் தபால் சுமக்கும் வேலை வந்தது. மூடுபனியிலும் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாதவர்கள் அவர்கள். சில வாரங்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் ஆறு லிங்க் பெட்டிகளைத் தலா 3,500 டாலருக்கு இராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின.

அந்தப் பெட்டியில் காட்சி என்று எதுவுமே கிடையாது. மூடியைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருட்டு, முன்னால் முட்கள் ஆடும் கருவிகள், வெளியே மேசையில் பயிற்சியாளர். உடம்பு ‘நேராகத்தான் போகிறோம்’ என்று பொய் சொல்லும். முள் ‘சாய்ந்திருக்கிறாய்’ என்று சொல்லும். எதை நம்புவது என்பதுதான் பாடம். இன்று ‘ரியலிசம்’ என்றவுடன் மேகமும் மினுக்கும் கடலும் நினைவுக்கு வருகின்றன. அது பிறந்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பிறந்தது.

கணினியிலும் ஏறக்குறைய அதே கதை. 1975-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர், சிறு கணினியில் விமானக் காட்சியை ஓடவிடுவது பற்றி ஆய்வேடு எழுதினார். சில ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் ஆப்பிள் இரண்டு கணினிக்கு விளையாட்டாக அதை விற்றது. திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள், அங்கங்கே மலை என்று வைத்துக்கொள்ளச் சில முக்கோணங்கள். 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. சிகாகோவின் மெய்க்ஸ் ஓடுபாதையில் ஒரு செஸ்னா காத்து நிற்கும்.

எண்பதுகளின் அந்தப் பதிப்புகளில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ‘நிஜம்’ என்று ஒரு தெரிவு வைத்திருந்தார்கள். அதை முடுக்கினால் படம் துளியும் அழகாகாது. திசைகாட்டும் கருவி மெல்ல மெல்லப் பிசகும்; கருவிகளுக்கு வெளிச்சம் தரும் விளக்கு எரிந்து போகும். கோடுகளால் ஆன உலகத்தில் பல்பு ஃபியூஸ் ஆவதை யோசித்து எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுக்கலாம்.

பிறகு வந்தவர்கள் இரண்டு வழியில் பிரிந்தார்கள். ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன், இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் காற்று என்ன செய்கிறது என்று நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பு செயற்கைக்கோள் படங்களிலிருந்து உலகத்தையே எழுப்பியது. பழைய பதிப்புகளில் எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் ஒரே பச்சைத் துணியை விரித்து வைத்தது போலிருக்கும். பால்மரமா செம்பனையா என்று கேட்க முடியாது. புதியதில் ஆளைக் கேட்காமல் கணினியே கட்டடங்களை நட்டது. அது நம்பிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யாரோ இரண்டு மாடிக்குப் பதில் 212 என்று தட்டியிருக்க, மெல்போர்னின் வீடுகளுக்கு நடுவே ஊசி போல ஒரு கோபுரம் வானைத் தொட்டது. ஆட்டக்காரர்கள் அதைப் பார்க்கவே பறந்து போனார்கள், சிலர் உச்சியில் இறங்கியும் காட்டினார்கள்.

என் அக்கா மகன் பட்டர்வொர்த் ஹார்னெட்டைக் கேட்டு வளர்ந்தவன். டிசிஎஸ் விளையாட்டில் அதன் ஒற்றை இருக்கை அண்ணனை வைத்திருக்கிறான். பேட்டரி, பிறகு துணை எஞ்சின், பிறகு வலது எஞ்சின் என்று வரிசை தப்பாமல் எழுப்புகிறான். பறக்கும் முன்பே பல நிமிடம் போய்விடுகிறது. சலிப்பாக இல்லையா என்றேன்.

“சும்மா பறந்தாத்தான் மாமா போரடிக்கும்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எக்ஸ்-பிளேனில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஒரு செஸ்னாவைக் கிளப்பினான். பழுதுகளுக்கான பக்கத்தைத் திறந்து, எப்போது எது கெட வேண்டும் என்பதைக் கணினியின் கையிலேயே விட்டுவிட்டு, கடலைத் தாண்டி லூனாஸ் பக்கம் திருப்பினான். பெருநிலம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். கண் ஆயில் பிரஷர் முள்ளின் மேல்.