ஊட்டுப்புரையும் குப்பைத்தொட்டியும்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தவறாமல் காட்டப்படும் இடம் ஊட்டுப்புரை. மேல்தளத்தில் ஆயிரம் பேர், கீழ்த்தளத்தில் ஆயிரம் பேர் இலை போட்டு உட்காரலாம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய பரணிகளும் அங்கே உண்டு. 'மகாராஜா தினமும் ரெண்டாயிரம் பிராமணருக்குச் சாப்பாடு போட்டார்' என்பார்கள். ஒளிவு மறைவு கிடையாது. கேட்கிற கூட்டத்துக்கும் அதில் உறுத்தல் இல்லை. பரணியின் உயரத்தைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் இந்த ஊட்டுப்புரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தோழர்களும் மாணவர்களும் கூடுகிற இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பசித்தவன் தெருவில் கிடக்கும்போது, கடைக்காரரும் ஓட்டல்காரரும் விற்காத பண்டத்தைக் குப்பையில் கொட்டுவது ஏன்? 'மனசு இல்ல', 'தர்ம சிந்தனை போச்சு' என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். தர்ம சிந்தனை கொடிகட்டிப் பறந்த காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆனது மார்த்தாண்ட வர்மா (1729–1758) காலத்தில். 1750இல் அவர் ராஜ்யத்தையே ஸ்ரீபத்மநாபசாமிக்குக் காணிக்கையாக்கி, சாமியின் தாசனாக ஆண்டார். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் நடந்தது. ராஜ்யத்தின் பல ஊர்களில் பார்ப்பனருக்கு இலவசச் சாப்பாடு போட ஊட்டுப்புரைகள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அவை தொடர்ந்தன. இதனால் திருவிதாங்கூருக்கு 'தர்மபூமி' என்று பெயர். லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871இல் இந்த நாட்டைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்தத் தர்மம் யாருக்கு என்பதையும் அவர் எழுதாமல் விடவில்லை.

இந்தத் தர்மத்துக்கு அரிசி எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. வயலில் இறங்கி உழுததும் நட்டதும் அறுத்ததும் பறையரும் புலையரும். அவர்களில் பெரும்பாலோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். எட்டில் ஒருவர்! அடிமைமுறையை ஒழிக்கும் பிரகடனம் 1855இல்தான் வந்தது. விறகும் இலையும் காய்கறியும் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை ஊழியம். ஊழியத்துக்குக் கூலி இல்லை. சோற்றை விளைவித்தவனுக்கும் விறகைச் சுமந்தவனுக்கும் அந்தப் பந்தியில் இலை கிடையாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டுப்புரையில் சாப்பிட்டவர் எவரும் தன் பசியை நிரூபிக்கவில்லை. 'நீ ஏழையா, வீட்டில் அரிசி இருக்கா' என்று யாரும் கேட்கவில்லை. பூணூலே நுழைவுச்சீட்டு. அதனால் அந்தச் சோற்றுக்குப் பிச்சை என்று பெயர் வரவில்லை. அது அவர்களுக்கு உரிமை. போடுவது ராஜாவின் கடமை. பசி இருந்தது பந்திக்கு வெளியே. பசித்தவனுக்குக் கிடைத்தது மிச்சம்.

மிச்சம் எப்படி வரும் என்பதை எங்க பாட்டி சொல்லுவா: "கல்யாணப் பொரையில பந்தி எல்லாம் முடிஞ்ச பெறவுதான் நமக்கு. பொறவாசல்ல ஏனத்தோட நிக்கணும். சோறு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒண்ணா ஏனத்துல தட்டுவாவ. தனித்தனியா ருசி பாத்துத் திங்க நமக்கு நாக்கு இல்லன்னு நெனப்பு." பசியைத் தீர்க்கிற அளவுக்குச் சோறு அதில் இருந்தது. ஆனால் அதை எச்சிலாக்கித்தான் கொடுத்தார்கள். சாதியச் சமூகத்தில் எச்சில் மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து மேலே ஏறாது. கரூர் மாவட்டம் நெரூரில் சாப்பிட்ட எச்சில் இலைகளின்மேல் உருளும் சடங்குக்கு 2015இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2024இல் தனி நீதிபதி அதை அனுமதித்தார்; 2025இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. எச்சிலின் புனிதம் பற்றி நம் காலத்திலும் வழக்காட வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1917இல் கொச்சி ராஜ்யத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் சேர்த்து உட்காரவைத்து மிச்ர போஜனம் நடத்தினார். அதற்காக அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டையும் பிறர் எச்சிலையும் உண்பதை விடச் சொன்னார். ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியான தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்' என்று பெயர் வைத்தார். எச்சில் என்று பொருள். 'எங்களுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் கொடுங்கள்' என்று இவர்களில் யாரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராஜா போனார், வியாபாரி வந்தார். பூணூல் இருந்த இடத்தில் பணம் நுழைவுச்சீட்டு ஆனது. பசி அப்போதும் சீட்டு ஆகவில்லை. வியாபாரியின் கணக்கை நேராகப் பார்ப்போம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரொட்டி சும்மா கிடைக்கும் என்று தெரிந்தால் ஏழு மணிக்குக் காசு கொடுத்து வாங்குகிறவனும் காத்திருப்பான் என்பது முதல் பயம். வேலைக்கு நிற்கிற பையன்கள் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் வேண்டுமென்றே கூடுதலாகச் செய்வார்கள் என்பது இரண்டாவது. சாப்பிட்டவனுக்கு வாந்திபேதி வந்தால் வழக்கு வரும் என்பது மூன்றாவது. எடுத்து, பத்திரப்படுத்தி, கொண்டுபோய்ச் சேர்க்க வண்டிச் செலவு, ஆள் செலவு. கொட்டுவதற்கோ செலவு குறைவு. ஏன் குறைவு? அதை அள்ளுகிறவனுக்கு நாம் கொடுக்கிற கூலி குறைவு. அள்ளுகிறவன் என்ன சாதி என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் வியாபாரியின் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டம், அழித்த சரக்கையும் இலவசமாகக் கொடுத்த சரக்கையும் ஒரே பிரிவில் வைக்கிறது. இரண்டுக்கும் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. மிஞ்சிய உணவை எப்படிச் சேகரித்து விநியோகிப்பது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிகள் வகுத்தது. ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. வழக்குப் பயம்தான் காரணம் என்பவர்களுக்கு அமெரிக்காவே பதில். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அங்கே 1996இலேயே வந்துவிட்டது. கொட்டுவது நிற்கவில்லை. விலை விழாமல் இருக்க உணவை அழிப்பது அந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1933இல், பெருமந்தத்தில் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, அந்த அரசு சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. இறைச்சியில் ஒரு பகுதிதான் நிவாரணத்துக்குப் போனது. 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் 60 சதவீதம் வீடுகளில். மீதி 40 சதவீதம் ஓட்டல்களிலும் கடைகளிலும்.

தனியார் வியாபாரி லாபம் பார்க்கிறான், சரி. அரசு? 2010 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கிடங்குகளில் மட்கும் தானியத்தை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்னது. மத்திய உணவு அமைச்சர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். 'யோசனை இல்லை, உத்தரவு' என்று நீதிமன்றம் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. கொள்கை விஷயத்தில் நீதிமன்றம் தலையிடக்கூடாது என்றார் பிரதமர் மன்மோகன் சிங். இலவசமாகக் கொடுத்தால் விவசாயிக்கு விளைவிக்கும் ஊக்கம் போய்விடும் என்றும் சொன்னார். வியாபாரியின் முதல் பயத்தைப் பொருளாதார அறிஞர் தம் மொழியில் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 2011 ஜூனில், தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசமானது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2023 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் சுமார் 80 கோடிப் பேருக்குத் தானியம் இலவசம். விவசாயி விதைப்பதை நிறுத்திவிடவில்லை. முடியாது என்றது முடிந்தது. உத்தமர்கள் மனம் இரங்கியதால் முடியவில்லை. சோறு உரிமை என்று வழக்காடியவர்களும் வீதியில் நின்றவர்களும் முடித்துவைத்தார்கள்.

'அப்படியானால் மிஞ்சிய சோற்றைப் பசித்தவனுக்குக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்பார்கள். கொடுக்கட்டும். இன்று ராத்திரி பசிக்கிறவனுக்கு நம் வரலாற்றுப் பாடம் சோறு ஆகாது. பிரான்சில் 2016இல் வந்த சட்டம், பெரிய கடைகள் உண்ணத்தக்க உணவை அழிப்பதைத் தடுத்து, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வைத்தது. இங்கேயும் அப்படி ஒன்று வரட்டும். வந்தாலும், மிஞ்சினால்தான் கிடைக்கும் என்ற நிலை மாறாது. மிஞ்சாத நாளில் அவன் என்ன சாப்பிடுவான்? விளைவித்தவன், சமைத்தவன், அள்ளுகிறவன் ஆகியோரின் கூலி உயராமல் மிச்சத்தைப் பங்கிடுவது, பாட்டியின் ஏனத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவதுதான்.

உரிமையாக வந்த சோற்றையும் சாதி விடுவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே உத்தரவு ரத்தானது. தங்கள் மிச்சத்தை நாம் தின்னலாம், நாம் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்கிற இந்த நீதியை எந்த உணவு வங்கியும் தொடாது. பொறவாசலில் எத்தனை ஏனம் நிறைந்தது என்று எண்ணுவது நம் வேலை இல்லை. முதல் பந்தியில் நம் பிள்ளைக்கு இலை விழுகிறதா, அந்தப் பந்தியில் கரண்டி பிடித்து வெளம்புகிற கை நம் கையாக இருக்க முடிகிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும்.