குளுக்கோசும் பனங்கட்டியும்

அயல்வீட்டுத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போய்வருகிறார். அண்மையில் கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு பொதி வந்தது. சிறு உறைகளில் அடைத்த இனிப்புக் களி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள், பெரிய பேணியொன்றில் புரோட்டீன் மா. விலையைக் கேட்டு அவருடைய தாயார் தலையில் கைவைத்தார். "அங்கிள், நீங்கள் அந்தக் காலத்தில என்னத்தைச் சாப்பிட்டுட்டு ஓடினீங்கள்? இதுகள் உண்மையா உதவுமோ?" என்று தம்பி என்னிடம் கேட்டார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது நின்றுபோயிற்று. மிஞ்சிய கார்கள் மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின, மற்றவர்கள் மிதித்தோம். நோயாளியைக் கரியரில் இருத்திச் சென்றோம். விறகும் நெல்மூட்டையும் கட்டி வந்தோம். டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். கோடுபோட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான அந்நாட்களில், இளம் செய்தியாளனாக நானும் நாளொன்றுக்கு 20, 30 மைல் மிதித்திருக்கிறேன். காலையில் பாணும் சம்பலும், அல்லது புழுக்கொடியல். சீனி தட்டுப்பட்டபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, சைக்கிளை ஓட்டவும் இடமின்றி உருட்டிக்கொண்டே நடந்தோம்.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் பனங்கட்டியே போதும்' என்று சிலர் முடிவுகட்டிவிடுவர். நாங்கள் மெலிந்துபோனோம் என்பதையும், வெயிலில் தலைசுற்றி வேலியோரம் குந்தியவர்கள் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் மறந்துவிடலாகாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சுவீடனில் பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இருவர் ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கொரு காலால் களைக்கும்வரை மிதித்தனர். பிறகு மாச்சத்து உணவு உண்டு, தங்கள் தொடைத் தசையில் ஊசியிட்டுச் சோதித்தனர். மிதித்த காலில் சேமிப்பான கிளைக்கோஜன், ஓய்வாயிருந்த காலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கானது. 1966இல் வெளியான முடிவு இது. 1986இல் அமெரிக்காவில் கொய்ல் என்பவரும் குழுவினரும் பயிற்சிபெற்ற சைக்கிளோட்டக்காரர்களைச் சோதித்தபோது, வெறும் சுவைநீர் குடித்தவர்கள் சுமார் 3 மணித்தியாலத்திலும், மாச்சத்துக் கரைசல் குடித்தவர்கள் சுமார் 4 மணித்தியாலத்திலும் களைத்தனர். ஆகவே, உதவி உண்மையே.

வேடிக்கை 2004இல் நிகழ்ந்தது. பிரித்தானியாவில் சைக்கிளோட்டக்காரர்கள் மாச்சத்துக் கரைசலை விழுங்காமல் வாய்கொப்பளித்துத் துப்பிவிட்டே ஒரு மணித்தியால ஓட்டத்தை ஏறத்தாழ 3 வீதம் விரைவாக முடித்தனர். ஒரு துளியும் வயிற்றுக்குள் போகவில்லை. சக்தி வருகிறது என்று வாய் மூளைக்குச் சொன்னதே போதுமாயிற்று!

வியாபாரமோ ஆராய்ச்சிக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுபோவதுபோல, இங்கிலாந்தில் லூக்கோசேட் கொண்டுபோவார்கள். 1927இல் ஒரு மருந்துக்கடைக்காரர் நோயாளிகளுக்காகக் கலக்கிய குளுக்கோசுப் பானம் அது. 1980களில் விளம்பரத்தை மாற்றி அதையே விளையாட்டு வீரரின் கையில் கொடுத்தனர். போத்தலுக்குள் இருந்தது குளுக்கோசுதான். 2012இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 104 விளையாட்டு உற்பத்திகளைப் பற்றிய 431 விளம்பரக் கூற்றுகளை ஆராய்ந்தனர். அக்கூற்றுகளை வெளியிட்ட இணையத்தளங்களில் பாதிக்கு மேற்பட்டவை எந்த ஆதாரத்தையும் காட்டவில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பருத்தித்துறைக்குப் போய்வர அவருக்கு நான்கு மணித்தியாலம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து எடுப்பது பயன்தரும். அதைக் களியுறையும் தரும், வாழைப்பழமும் தரும், பெரும்பாலும் சீனியேயான பனங்கட்டியும் தரும். ஓடிக்கொண்டே பிய்த்து உறிஞ்சலாம் என்ற வசதிக்கே உறையில் கூடுதல் விலை. வியர்வைக்கு மருந்துக்கடையில் விற்கும் ஜீவனிப் பைக்கற்றே போதும். கஃபீன் உதவுவது நன்கு நிறுவப்பட்டது. அதற்குப் பேணி தேவையில்லை, கோப்பி இருக்கிறது. புரோட்டீன் மா செய்யும் வேலையை மீனும் முட்டையும் பருப்பும் செய்யும்.

மாலையில் அரைமணித்தியாலம் மிதிப்பவருக்கோ தண்ணீரே தாராளம். நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஊரில், உடம்பைக் குறைக்கச் சைக்கிள் எடுத்தவர்கள் வீதியோரம் நின்று இனிப்புப் பானத்தால் செலவிட்ட சக்தியைத் திரும்ப நிரப்புவதைக் காணும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

கடந்த ஞாயிறு தம்பி புறப்படும்போது அவர் சட்டைப்பையில் இரண்டு இதரைப் பழமும் ஓர் உறையும் இருந்தன. பேணி எப்போது வெறுமையாகும், அரிசிமா போட்டுவைக்கலாம் என்று தாயார் காத்திருக்கிறார்.