நொச்சி சூடிய வழக்குரைஞர்

அரணை முற்றுகையிடும் பகைவரை எதிர்த்து நின்று காப்போர் நொச்சிப்பூச் சூடுவர் என்பது தமிழர் புறத்திணை மரபு. தொல்காப்பியர் இதனை உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ தனித் திணையாக வகுத்தது. இந்நொச்சி ஒழுக்கத்துக்கு அயல்நாட்டுச் சான்றாக விளங்குபவர் அமெரிக்கரான ஸ்ட்ராங் வின்சென்ட்.

இவர் 1837 ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிற் பிறந்தார். 1859 இல் ஹார்வர்டிற் பட்டம் பெற்று, ஈரி நகரில் வழக்குத் தொழிலை மேற்கொண்டார். அடிமை முறையை விடாத தென்மாநிலங்கள் பிரிந்து சென்றமையால் 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வின்சென்ட் திருமணம் செய்துகொண்டதும் காலாட்படையிற் சேர்ந்ததும் அவ்வாண்டிலேயே ஆகும். மறு ஆண்டு கடுங்குளிர்காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. நம் தோட்டத்து மூத்தோர் நன்கறிந்த மலேரியாவே அது. கொசுவால் வருவதென அன்று எவரும் அறியார். நோய் நீங்கியதும் அவர் படைக்கே மீண்டார்.

1863 சூலை 2 ஆம் நாள், கெட்டிசுபர்க்குப் போர்க்களம். வடவர் அணியின் இடக்கோடியில் இருந்த பாறைக்குன்று ஒன்று காவலின்றிக் கிடந்தது. பகைவர் அதனைக் கைப்பற்றின் அணி முழுவதும் ஆட்டங்காணும். உதவி வேண்டி ஓடிவந்த தூதன் படைப்பிரிவுத் தலைவரைத் தேடிக்கொண்டிருந்தான். வின்சென்ட் அவனை இடைமறித்துச் செய்தி கேட்டார்; தலைவரின் ஆணைக்குக் காத்திராமல், பொறுப்பைத் தாமே ஏற்று, தம் நான்கு படையணிகளையும் குன்றுக்கு நடத்தினார்.

எழுத்தும் சான்றுமின்றி அடியெடுத்து வைக்காதது வழக்குரைஞர் தொழில். அத்தொழிலில் வந்தவர், எழுத்தாணை ஏதுமின்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்தம் உயிர்ப்பொறுப்பை ஏற்றார். கருதியது பிழைத்திருப்பின் படைநீதிமன்றத்திற் குற்றவாளியாக நிற்க நேர்ந்திருக்கும். எனினும், தயங்கி நிற்பதே பெரும்பிழை என்று அவர் துணிந்தார்.

இடக்கோடியைக் காக்கும் பணியைச் சேம்பர்லின் என்பாரிடம் ஒப்படைத்து, எது நேரினும் அவ்விடத்தை விடலாகாது என்று பணித்தார். அச்சேம்பர்லின் முன்னர்க் கல்லூரியில் மொழி கற்பித்த ஆசிரியர் என்பது நம்மவர் எண்ணி மகிழத்தக்கது. வலப்பக்கம் தளரக் கண்ட வின்சென்ட், பாறைமேல் ஏறி நின்று வீரரை ஊக்கினார். அங்கேயே குண்டடிபட்டு வீழ்ந்தார். குன்று வீழவில்லை.

சூலை 7 இல் அவர் உயிர் நீத்தார், அகவை இருபத்தாறே. இரு திங்கள் கழித்துப் பிறந்த மகளும் ஓராண்டு நிறையுமுன் இறந்து, தந்தையின் அருகில் அடக்கம் பெற்றாள். போர் முடிந்த 1865 இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. அதனைக் காண அவர் இல்லை.

அவர் வீழ்ந்த இடத்துப் பாறையிற் பெயரும் நாளும் பொறித்துள்ளனர். நடுகல் கண்ட தமிழர்க்கு அக்கல் அயலதன்று.