ஒரே நெட் கனெக்‌ஷனில் வீடு முழுக்க கம்ப்யூட்டர்: பூட்டு போட மறந்தால் வம்பு!

கலவை:-

மகனுக்கு கம்ப்யூட்டர், மகளுக்கு லேப்டாப். அதுக்காக ரெண்டு நெட் கனெக்‌ஷன் வாங்கி ரெண்டு பில் கட்டணுமா? தேவையே இல்லை. ராணிப்பேட்டை மாவட்டம் கலவை சுற்றுவட்டாரத்தில் தோல் கம்பெனி சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்கு இது நல்ல மிச்சம்.

எப்படி பிரிக்கிறது?

ஒயரில் வரும் நெட்டை வாங்குவது மோடம். பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் வருகிறது. கம்பெனி ஒரு வீட்டுக்கு கொடுப்பது ஒரே ஒரு ஐ.பி. நம்பர்தான். ரவுட்டர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்று தனி நம்பர் போடும். ஒண்டுக்குடித்தனத்தில் எல்லாருக்கும் வரும் தபாலை வீட்டுக்காரர் வாங்கி பிரித்துக் கொடுக்கிற மாதிரி.

வேகமும் பங்குதான்

2005-ல் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தபோது 256 கிலோபிட்தான் பிராட்பேண்ட் வேகம். 4 எம்.பி. பாட்டு இறங்க 2 நிமிடம் ஆகும். நாலு பேர் ஒண்ணா இறக்கினால் 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். 2023-ல் குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் ஆனது. இன்றும் கணக்கு அதேதான். ஒருத்தர் சினிமா இறக்கினால் மற்றவருக்கு ஆன்லைன் கிளாஸ் திக்கும்.

பக்கத்து ரூமுக்கு வைஃபை எட்டலையா? லேன் கேபிள் இழுக்கலாம். 100 மீட்டர் வரை தாங்கும்.

பாஸ்வேர்டு கட்டாயம்

2008 ஜூலை 26-ந்தேதி அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்கு சில நிமிடம் முன்பு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. அது நவி மும்பையில் ஒரு வீட்டில் பூட்டாமல் கிடந்த வைஃபை வழியாக போனது தெரிந்தது. அங்கு குடியிருந்த அமெரிக்கரை போலீசார் துருவித் துருவி விசாரித்தனர். அவருக்கு சம்பந்தம் இல்லை என்பது பிறகுதான் தெளிவானது.

காரணம் இதுதான். வீட்டுக்குள் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியில் தெரிவது ஒரே நம்பர். யார் தப்பு செய்தாலும் போலீஸ் முதலில் தட்டுவது பில் யார் பேரில் இருக்கோ அவர் வீட்டு கதவைத்தான்.

அதனால் ரவுட்டர் செட்டிங்கில் 'டபிள்யு.பி.ஏ.2' அல்லது 'டபிள்யு.பி.ஏ.3' பூட்டை தேர்வு செய்யவும். பெட்டியோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றவும். போன் நம்பர், பிள்ளை பேரை பாஸ்வேர்டாக வைக்க வேண்டாம். யாருக்காவது கொடுத்திருந்தால், உடனே மாற்றிவிடுவது நல்லது.