தண்ணி உள்ள காடு: ஒருத்தரும் வர விரும்பாத தம்பலகாமம்

தமிழ்நாட்டில் ஓர் அரச ஊழியரை வெருட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்கள். கனகாலமாக அந்தக் காடு என்றால் இராமநாதபுரம். இலங்கையில் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுவார்கள்: 'கஷ்டப் பிரதேசம்', அதற்கும் மேலே போனால் 'அதிகஷ்டப் பிரதேசம்'. நியமனக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, ஊர்ப் பெயரை வாசித்ததும் முகம் வாடிப்போகிற ஆசிரியர்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். வந்து சேர்ந்த அன்றே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கியவர்களும் உண்டு.

ஆனால் தம்பலகாமம் தண்ணியில்லாக் காடு இல்லை. திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் வந்தால், சீனக்குடா தாண்டி, இடையில் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா. உள்ளே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாய்கிற மண். இந்தப் பக்கத்தை ஆட்கள் வெறுத்ததற்குப் பெரிய காரணமே அந்தத் தண்ணிதான். தேங்கி நிற்கிற தண்ணி, அதில் நுளம்பு, அதனால் காய்ச்சல். இது தண்ணி உள்ள காடு. யார் யார் இந்தக் காட்டை வேண்டாம் என்றார்கள், பிறகு ஏன் வேணும் என்றார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறோம்.

முதலில் துறைமுகம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆசைப்படாத வல்லரசு இல்லை. 1620இல் டேனிஷ்காரர் வந்தார்கள். பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே கோட்டை இரண்டு முறை கைமாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை அவர்களிடமிருந்து பறித்தார். 1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்து நிலைத்தார்கள்.

இவ்வளவு அடிபட்டுப் பிடித்த இடத்தில் ஒருத்தருக்கும் இருக்க விருப்பமில்லை! ஆங்கிலப் படையில் இங்கு வந்திருந்த ரொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய புத்தகத்தில் துறைமுகத்தைப் புகழ்கிறார், அதன் சுவாத்தியத்தையோ திட்டுகிறார். அவருக்குப் பின் வந்த படை வைத்தியர்களின் குறிப்புகளும் காய்ச்சலையும் வாந்திபேதியையும் பற்றித்தான். திருகோணமலை நகரத்துப் பழைய ஆங்கிலேய மயானத்துக்குப் போனால் அந்த வெறுப்பின் காரணம் கல்லில் கிடக்கிறது. நாவலாசிரியர் ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஒஸ்டினின் கல்லறையும் அங்கேதான். கடற்படைத் தளபதியாக இருந்த அவர் 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தார், அடக்கம் நடந்தது இங்கே.

துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் கொட்டியாரம். 1659 கடைசியில் புயலில் அடிபட்ட ஓர் ஆங்கிலக் கப்பல் திருத்தவேலைக்காக அங்கே ஒதுங்கியது. கப்பல் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் வேறு சிலரும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். மகன் தப்பி அரிப்புப் பக்கமாக வெளியேறியது 1679இல். லண்டனில் 1681இல் அவர் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பாவில் இலங்கை பற்றிப் பெரிதும் வாசிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று. வரவே விரும்பாத ஊருக்கு வந்து அகப்பட்டவனின் கதையைத்தான் உலகம் எங்களைப் பற்றிய அறிமுகமாக வாசித்தது.

இதெல்லாம் வெளியாலிருந்து வந்தவர்கள் பார்த்த பார்வை. எங்கட பக்கத்தில் நின்று பார்த்தால் கதை வேறு.

1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோயில் போனது, ஆனால் வழிபாடு போகவில்லை. காப்பாற்றிய திருவுருவங்களை ஒளித்துக் கொண்டுபோய், கடைசியில் தம்பலகாமத்தில் கோயில் எடுத்தார்கள் என்பது எங்கட ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதுதான் ஆதிகோணேஸ்வரர் கோயில். தம்பலகாமத்துக்கும் கோணேசருக்கும் இருந்த உறவு அதற்கும் முந்தியது. குளக்கோட்டன் கோயிலுக்குத் திருப்பணி செய்து, கந்தளாயில் குளம் கட்டி, வயல் உண்டாக்கி, தொழும்புக்கு ஆட்களைக் குடியேற்றினான் என்று கோணேசர் கல்வெட்டு சொல்கிறது. (கந்தளாய்க் குளத்தை அனுராதபுர மன்னர்களோடு சேர்த்துச் சொல்லும் மரபும் உண்டு.) கோயிலுக்கு நெல் கொடுத்த ஊர் பிறகு கோயிலுக்கே இடம் கொடுத்தது.

ஏன் தம்பலகாமம்? கரையில் கோட்டை வைத்திருந்தவர்களின் கை உள்ளே எட்டவில்லை. திருகோணமலைப் பற்று, கொட்டியாரப் பற்று, கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று என்று நாலு பற்றாக, வன்னிபங்களின் பொறுப்பில், கண்டி அரசின் செல்வாக்கு உள்ள நிலமாக அது கிடந்தது. காட்டுக்குள் படை நடத்திப் போனால் அம்புக்கு முந்திக் காய்ச்சல் ஆளைச் சாய்த்துவிடும். கண்டி இராச்சியம் 1815 வரைக்கும் தாக்குப் பிடித்ததில் இந்தக் காய்ச்சலுக்கும் பங்குண்டு. அவர்கள் வர விரும்பாத ஊர் என்பதாலேயே இது ஒளிக்க ஏற்ற ஊரானது.

இதை வைத்து காய்ச்சல்தான் எங்களுக்கு வேலி என்று பெருமை பேச வரவில்லை. அந்த வேலி உள்ளே இருந்தவர்களையும் குத்தியது. படைக்காரன் ஒரு வருடத்தில் கப்பலேறிப் போய்விடுவான். வயல் செய்கிற சனம் எங்கே போகும்? மண்ணீரல் வீங்கி வயிறு தள்ளிய பிள்ளைகள், கொயினா குடித்துக் காது அடைத்த பெரியவர்கள், பெருகாத ஊர்கள். 1934-35இல் மழை பொய்த்து, தென்மேற்குப் பக்கத்து ஆறுகள் குட்டை குட்டையாக வற்றியபோது அங்கே மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அது வரலாற்றில் பெரிய கொள்ளைநோயாகப் பதிவானது, பதியத்தான் வேண்டும். ஆனால் வரண்ட வலயத்தில் அதே காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து போனது. அது செய்தியாகவே இல்லை. 'அந்தப் பக்கம் அப்பிடித்தான்' என்று விட்டுவிட்டார்கள்.

ஊர் வேண்டாம் என்றவர்கள் ஊரில் இருந்த பொருளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பலகாமக் குடாவில் தட்டையான, கண்ணாடி மாதிரி வெளிச்சம் தெரிகிற ஒரு வகைச் சிப்பி உண்டு. அதன் சின்ன முத்து நகைக்கு உதவாது. சுட்டு நீறாக்கி வெற்றிலையோடு போடுவதற்கும் மருந்துக்கும் இந்தியாவில் அதற்கு விலை இருந்தது. ஆங்கிலேய அரசு அந்த முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு விட்டது. 1850களில் கெலாட் என்ற வைத்தியரைக் கொண்டு அந்தச் சிப்பியை ஆராயவும் செய்தது. நெல் வேணும், முத்து வேணும், துறைமுகம் வேணும். இருக்கத்தான் ஏலாது.

பிறகு ஒரு திருப்பம் வந்தது. 1946 தொடக்கம் வீடு வீடாக டிடிடி அடித்தார்கள். காய்ச்சல் மளமளவென்று இறங்கி, 1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டும். (அசட்டையாக விட்டதில் அறுபதுகளின் கடைசியில் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது வேறு கதை. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றியவர் இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.)

நுளம்பு போனதும் காணிக்கு மதிப்பு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கந்தளாயில் பெரிய குடியேற்றத் திட்டம் வந்தது, அல்லையிலும் வந்தது. தெற்கிலிருந்து காணியில்லாத ஏழைக் குடும்பங்களை அரசு கொண்டுவந்து இருத்தியது. திருகோணமலை மாவட்டத்தில் 1946இல் ஐந்தில் ஒன்றாக இருந்த சிங்களவர் 1981இல் மூன்றில் ஒன்றாக ஆனார்கள். ஒருத்தரும் வர விரும்பாத ஊரில் இப்போது யார் எத்தனை பேர், எந்த வாய்க்கால் யாருக்கு, ஊரை எந்தப் பெயரால் எழுதுவது என்பதெல்லாம் சண்டையானது. வந்த சனத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களும் காணிக்காக வந்த ஏழைகள்தான். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, வெள்ளம் ஆள் பார்த்துப் பாயவில்லை. எங்கட கேள்வி திட்டம் போட்டவர்களிடம்தான்: இருந்தவர்களைக் கேட்காமல் ஏன் இதை வெறும் நிலம் என்று முடிவெடுத்தீர்கள்?

யுத்தம் வந்தபோது வெறுப்புக்குப் புதுக் காரணம் கிடைத்தது. நுளம்பு இருந்த இடத்தில் சோதனைச்சாவடி. எண்பதுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி, நாட்டின் 50ஆவது சுதந்திர தினத்துக்கு மூன்று நாள் இருக்கையில், தம்பலகாமம் பாரதிபுரத்தில் சிறுவர்கள் உட்பட 8 தமிழர் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பொலிசாரும் ஊர்காவல் படையினரும். அதற்குப் பிறகு 'தம்பலகாமமோ?' என்று கேட்கிறவர்களின் குரலில் காய்ச்சல் பயம் இல்லை, வேறு பயம். வெளியூர்க்காரருக்கு அது போக வேண்டாத ஊர். அந்த வீடுகளுக்கு அது விட்டுப்போகவும் ஏலாத, இருக்கவும் ஏலாத ஊர்.

இன்றைக்குப் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் போகிற வாகனங்கள் தம்பலகாமம் சந்தியில் வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. ரயில் நிலையம் இருக்கிறது, இறங்குகிறவர்கள் ஊர்க்காரர்தான். சிறந்த கடற்கரைப் பட்டியல், கட்டாயம் பார்க்க வேண்டிய பட்டியல் எதிலும் பெயர் வராது. அதில் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை.

கவலை வேறு. எங்கட வயதுப் பிள்ளைகளே ஊரைச் சொல்ல வெட்கப்பட்டு "திருகோணமலை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரோ ஒரு படைக்காரன், யாரோ ஓர் அதிகாரி தன் வசதிக்குச் சொன்ன சொல் எங்கட வாயிலும் ஏறிவிட்டது. ஓர் ஊரை மோசமான ஊர் என்று சொன்னால், அதைச் சொன்னவர் எத்தனை நாள் அங்கே இருந்தார், எதை எடுத்துக்கொண்டு போனார் என்று ஒருதரம் கேளுங்கோ. அடுத்தமுறை உங்கட அம்மம்மாவோ அப்பப்பாவோ காய்ச்சல் காலத்துக் கதை சொல்லத் தொடங்கினால் எழும்பிப் போகாமல் இருந்து கேட்டு எழுதி வையுங்கோ. விருப்பமில்லாமல் வந்து போனவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. இருந்தவர்கள் எழுதியதுதான் குறைவு.