கைமாற்றும் காதலும் மூன்று வருடமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமச்சந்திராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் சாப்பிட வந்திருந்தாள். நம்ம ஊர்ப் பக்கம்தான், இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். ரசம் சாதம் முடிகிற வரை பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "அண்ணா, ஒருத்தருக்குக் கைமாத்தா பணம் கொடுத்தேன். திருப்பிக் கேட்கலாமா?" என்றாள்.

அந்த 'ஒருத்தர்' யார் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டுவிட்டார் :-)

கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தவர்கள். அவன் தங்கை கல்யாணத்துக்காக இரண்டு லட்சம் வங்கி மூலம் அனுப்பியிருக்கிறாள். சீட்டு, புரோநோட்டு எதுவும் கிடையாது. பிறகு பிரிந்துவிட்டார்கள். இவள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. "இப்போ போய்க் கேட்டா அசிங்கம் இல்லையா அண்ணி?" என்றாள்.

அவள் போன பிறகு பழைய புத்தகங்களைப் புரட்டினேன். வேண்டியவர்களுக்குள் கொடுத்து வாங்குவது எப்போதுமே சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது.

முதலில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டிலிருந்து மைசூரில் சாமாசாஸ்திரி 1909-ல் அச்சிட்ட நூல். அதில் கடன் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. கணவன் மனைவி, அப்பா மகன், பாகம் பிரியாத அண்ணன் தம்பி, இவர்கள் தங்களுக்குள் வாங்கிய கடன் வழக்குக்கு நிற்காது என்கிறது. காதலர்கள் அந்தப் பட்டியலில் இல்லை! இன்னொரு விதி: பத்து வருடம் கேட்காமல் விட்ட கடன் போனதுதான். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள், வெளியூர் போனவர்கள் போன்றோருக்கு மட்டும் விலக்கு. நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களை அப்போதே நினைத்திருக்கிறார் மனிதர்.

அடுத்தது இலங்கை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. பால்ஃபோர் என்ற ஆங்கிலேயர் சிலோன் அரசாங்கத்தில் பொறியாளர். விடுமுறைக்கு இங்கிலாந்து போன இடத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லை. 1916-ல் அவர் மட்டும் திரும்பினார். மாதம் 30 பவுண்டு அனுப்புவதாக வாய்வார்த்தை. பிறகு இருவரும் பிரிந்தார்கள். அந்த அம்மா வழக்குப் போட்டு முதலில் ஜெயித்தார். 1919-ல் மேல்முறையீட்டில் தோற்றார். புருஷன் பெண்டாட்டி அன்பாக இருக்கும்போது பேசிக்கொள்வதெல்லாம் ஒப்பந்தம் ஆகாது என்றது கோர்ட்.

இதற்கு நேர்மாறாக 1970-ல் மெரிட் தம்பதி வழக்கு. பிரிந்துபோன கணவன், மனைவியோடு காரில் உட்கார்ந்து பேசுகிறான். எழுதித் தந்தால்தான் இறங்குவேன் என்று அந்த அம்மா பிடிவாதம். வீட்டுக்கடன் அடைந்ததும் வீட்டை உன் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாள் ஜெயித்தது.

இப்போது நம் நாட்டுச் சட்டம். காதலித்தவர்கள் என்பதற்காகக் கடன் இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் "அது அன்பளிப்பு" என்று எதிராளி சொன்னால், கடன்தான் என்று காட்டுவது கொடுத்தவர் பாடு. வங்கிக் கணக்கு பணம் போனதைக் காட்டும், எதற்குப் போனது என்று காட்டாது.

அதைவிடப் பெரிய கண்ணி காலவரம்பு. 1859-லிருந்து பலமுறை மாறி, இப்போது நடைமுறையில் இருப்பது 1963-ம் வருடச் சட்டம். திருப்பித் தர நாள் குறிக்காத கைமாற்றுக்கு மூன்றே வருடம். அதுவும் பணம் கொடுத்த நாளிலிருந்து! கேட்ட நாளிலிருந்தோ பிரிந்த நாளிலிருந்தோ இல்லை. காதல் நன்றாக இருக்கும்போதே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கூச்சப்பட்டுச் சும்மா இருக்கும் மாதங்களும் அதில்தான் சேரும். நம் ஊர்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புரோநோட்டை மாற்றி எழுதுவது இதனால்தான். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம்.

கணக்குப் பார்த்தோம். அவளுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

"அவர் என்னைத் தப்பா நினைச்சா?" என்றாள் போனில். "நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்மா. உன் சம்பளம்தானே? ஒரு தாளும் பேனாவும் கொண்டுபோ" என்றார் என் மனைவி. நான் பார்த்த அத்தனை பக்கங்களும் ஒரே வரியில் முடிந்துவிட்டன.

போனாள், கேட்டாள். அவனும் மறுக்கவில்லை. நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, இருபதாயிரமும் கொடுத்தானாம். மீதி வருமா, தெரியாது. கேட்க இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

நேற்று வந்தவள் ரசம் ஊற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.